பீடத்தைச் சுற்றி இத்தனை குழுக்கள் போதுமா?

(கத்தோலிக்கப் பங்கு வாழ்வைப் பற்றிய உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வாசகர் மேடை

எங்கள் பங்கின், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த மக்களின், பேரவையில் ஒரு முன்மொழிவை வைத்தேன். பாடகர் குழு, வாசகர்கள், பீடப் பணியாளர்கள், பூ அலங்காரக் குழு என்று வழிபாட்டில் பொறுப்பு வகிக்கும் ஒவ்வொருவரும், வீட்டைவிட்டு வெளியே வர இயலாத ஒருவரை மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். ஓராண்டு முழுவதும் யாரையும் பார்க்காதவர் மறு ஆண்டு அந்தக் குழுவில் தொடரக் கூடாது. அவ்வளவுதான். கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் சிவந்துவிட்டது.

இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் யார் எந்த ஞாயிறு பூ வைப்பது என்ற பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது. ‘திருப்பலிக்கு வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்கள் யார் யார்?’ என்று கேட்டேன். அதற்குப் பட்டியல் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் வழிபாடு கோவில் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எதிர்க்கட்டும்.

சுருதி

காரணத்தோடு எதிர்க்கிறேன். பல ஆண்டுகளாகப் பாடகர் குழுவை நடத்திவருகிறவன் நான்.

பாடுவது இறைவனுக்குக் கொடுக்கும் காணிக்கை. அதைப் பாடும் உரிமைக்கு நீங்கள் விலை வைக்கிறீர்கள்: ‘ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வா, பிறகு பாடு.’ திருச்சபையின் செயல்கள் அனைத்தும் நோக்கிச் செல்லும் சிகரம் திருவழிபாடு என்றும், அதன் ஆற்றல் அனைத்தும் சுரக்கும் ஊற்று அதுவே என்றும் 1963-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. சிகரத்தைப் பிடித்துச் சமூக சேவையின் நுழைவுத்தேர்வாக மாற்றுகிறீர்களே!

பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தை இயேசுவின் காலடியில் ஊற்றியபோது, முந்நூறு தெனாரியம் வெள்ளிக்காசுக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவர் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்பது உங்களுக்குத் தெரியும்.

வாசகர் மேடை

தெரியும். ‘ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள்’ என்று இயேசு அங்கே சொன்னது பழைய ஏற்பாட்டில் இணைச் சட்ட நூலின் 15-ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறது என்பதும் தெரியும். நாட்டில் ஏழைகள் என்றும் இருப்பார்கள், ஆகவே உன் கையைத் தாராளமாகத் திற என்பது அங்கே உள்ள கட்டளை. நம்மவர்கள் முன்பாதியைச் சொல்லிவிட்டுப் பின்பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

பாடகர்களுக்கென்றே இறைவாக்கினர் ஆமோஸ் ஒன்று வைத்திருக்கிறார்: உங்கள் பாடல்களின் இரைச்சலை என்னிடமிருந்து அகற்றுங்கள், நீதி வெள்ளமாய்ப் பெருக்கெடுத்து வரட்டும்.

சுருதி

ஆமோஸை எடுத்தீர்கள், நல்லது. எட்டாம் அதிகாரத்தையும் படியுங்கள். அவர் யார்மீது பாய்கிறார்? ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து படியைச் சிறிதாக்கி, கள்ளத்தராசில் எடைபோட்டு, பதரையும் சேர்த்து விற்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகள்மீது. அவர்களை மாதம் ஒருமுறை நோயாளியைப் பார்க்கப் போகச் சொன்னாரா? தராசைச் சரிசெய்யச் சொன்னார். உங்கள் திட்டப்படி, எடையில் ஏமாற்றும் ஒருவர் மாதம் ஒரு வீட்டுக்குப் போய்வந்தால் அடுத்த ஆண்டும் என் குழுவில் நின்று பாடலாம். அதுதானே?

இரவுப்பணி

சுருதி ஐயா கடைசியில் சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய முதல் பதிவுக்காக அல்ல.

நான் செவிலி. என் பங்கில் எந்தக் குழுவிலும் இல்லை. ஞாயிறு காலை பணி முடிந்து நேராகத் திருப்பலிக்கு வருவேன். மறையுரையில் கண் சொக்கும். வாசலில் யாராவது பிடித்துக்கொண்டு, ‘நீங்கள் பங்குக்காக ஒன்றும் செய்வதில்லையே’ என்பார்கள், சிரித்துக்கொண்டே. அந்த இரவு நான் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வைத்துவிடும். புரட்டும்போது வலியில் திட்டுவார்கள். திட்டை வாங்கிக்கொண்டு துணியின் சுருக்கத்தை நீவிவிட வேண்டும், ஏனென்றால் அந்தச் சுருக்கமே தோலை அறுக்கும். பங்கின் கணக்கில் இது சேவை இல்லை. பங்குப் பேரவை அச்சிட்ட சட்டை போட்டுக்கொண்டு ஒருமுறை பழம் கொண்டுவந்து கொடுத்தால் சேவை.

குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினர் பற்றி 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடலில் இரண்டு சோதனைகளைச் சொல்கிறார். கோவில் பணிகளிலேயே மூழ்கி, தொழிலிலும் சமூகத்திலும் அரசியலிலும் உள்ள பொறுப்பைக் கைவிடுவது ஒன்று. விசுவாசம் வேறு, வாழ்க்கை வேறு என்று பிரித்துவைத்து அதை நியாயப்படுத்துவது இன்னொன்று. வாசகர் மேடை அவர்கள் முதல் நோய்க்கு மருந்து என்று சொல்லி இன்னொரு கோவில் பணியைத்தான் உருவாக்குகிறார். ஏற்கெனவே உள்ள குழுக்களோடு ‘சந்திப்புக் குழு’ ஒன்று கூடும். அதற்கும் ஒரு செயலர், ஒரு பதிவேடு, ஆண்டு விழா.

வாசகர் மேடை

சகோதரி, உங்களை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். ஆனால் ‘என் வேலையே என் வழிபாடு’ என்ற வாக்கியத்தை உங்களைவிட அதிகமாகச் சொல்கிறவர்கள் யார் தெரியுமா? திங்கள் முதல் சனி வரை தன் லாபத்தைத் தவிர வேறெதையும் நினைக்காதவர்கள். உங்கள் வாயில் அது உண்மை. அவர்கள் வாயில் அது தப்பிக்கும் வழி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

அதோடு, சந்திப்பு ஒன்றும் என் கண்டுபிடிப்பு அல்ல. ஏறத்தாழ 155-ஆம் ஆண்டில் மறைச்சாட்சி யுஸ்தின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை, அந்த வழிபாட்டின் அப்பத்தையும் இரசத்தையும், கொண்டுபோகிறார்கள். வசதியுள்ளவர்கள் விரும்பிக் கொடுத்தது தலைவரிடம் சேர்கிறது; அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோரை அவர் கவனிக்கிறார். ஒரே மூச்சில் சொல்லப்பட்ட ஒரே நிகழ்ச்சி அது. அதை வழிபாடு, அறப்பணி என்று இரண்டு அலமாரிகளில் பிரித்து வைத்தது நாம்தான்.

கணக்கு நோட்டு

பங்கு நிதிக்குழுவில் இருக்கிறேன். தத்துவம் பேசுகிறவர்கள் வரவுசெலவைப் பார்ப்பதில்லை.

திருச்சபைச் சட்டம் 1254, திருச்சபை எதற்காகச் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறது: இறைவழிபாட்டை ஒழுங்காக நடத்த, குருக்களையும் பணியாளர்களையும் தாங்க, திருத்தூதுப் பணிக்கும் அறப்பணிக்கும், சிறப்பாகத் தேவையுள்ளோருக்கு. உங்கள் பங்கின் சென்ற ஆண்டுக் கணக்கை எடுத்து இந்த மூன்று தலைப்புகளிலும் பிரித்துப் போட்டுப் பாருங்கள். எங்கள் பங்கில் நான் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தலைப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்பதற்கு முன், பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். நான்காம் நூற்றாண்டில் புனித யோவான் கிறிசோஸ்தோம் கேட்ட கேள்வி அதுதான்: கோவிலுக்குள் கிறிஸ்துவைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே அவரைக் குளிரில் ஆடையின்றி விடுவாயா?

சுருதி

அதே மறையுரையில் அவர் சேர்த்துச் சொன்னதை விட்டுவிட்டீர்கள். கோவிலுக்குக் கொடுப்பதைத் தடுக்கவில்லை, அதோடுகூட, அதற்கு முன்னதாக ஏழைகளுக்குக் கொடுங்கள் என்கிறேன் என்றார்.

கணக்கு நோட்டு

‘அதற்கு முன்னதாக.’ நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

கடைசி வரிசை

நான் கோவிலுக்குப் போவதை நிறுத்தியவன். வாசகர் மேடையின் பட்டியல் இருந்தால் அதில் என் பெயர் இருக்கும்.

என் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது பங்கிலிருந்து ஒரு குழு வந்தது. நிற்க இடம் போதவில்லை. ஜெபம் சொன்னார்கள். ஒரு பையைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். சரியாக வரவில்லை என்று பையை வாங்கி மறுபடி கொடுத்தார்கள். அப்பாவுக்குச் சட்டையின் மேல் பொத்தான் போட்டிருக்கவில்லை. போடுவதற்கு நேரம் கேட்டார். ‘பரவாயில்லை பெரியவரே, இப்படியே இருக்கட்டும்’ என்றார்கள். அந்தப் படம் பங்கு மலரில் வந்தது.

ஆகவே, கட்டாயத்தின் பேரில் யாரையும் எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

சுருதி

இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கைக்காகப் போகிறவனுக்கு, கட்டிலில் கிடப்பவர் ஒரு சரிக்குறி.

பழைய கோவில்பிள்ளை

தம்பி, அந்தப் படத்தை வெளியிட்டது அநியாயம். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணியில் இருக்கிறேன். 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் பொதுநிலையினருக்கும் இந்தப் பணி திறந்துவிடப்பட்டது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சிறு சிமிழில் வாங்கிக்கொண்டு, வழியில் யாரோடும் கதை பேசாமல் நேரே போக வேண்டும். அங்கே ஒரு மேசை, வெள்ளைத் துகில், மெழுகுதிரி. சிறு வாசகம், கர்த்தர் கற்பித்த ஜெபம், நற்கருணை, சற்று அமைதி. சுருக்கமான சடங்குதான்.

சடங்கு முடிந்த பிறகுதான் விஷயமே தொடங்கும். ஒரு அம்மா எழுந்து அலமாரியிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வந்து என் முன்னால் பரப்புவார். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, எது காலை, எது இரவு என்று தெரியவில்லை என்பார். மருந்துச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுப்பேன். ஒருநாள் அப்படிப் பார்க்கும்போது ஒரே மருந்து இரண்டு வேறு பெயர்களில் இருந்தது. அவர் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். மகளுக்குத் தொலைபேசியில் சொல்லி மருத்துவரிடம் கேட்க வைத்தோம்.

சொல்லுங்கள், சுருதி ஐயா: எது வரைக்கும் வழிபாடு, எங்கிருந்து சேவை?

சுருதி

நீங்கள் விரும்பிப் போகிறீர்கள். அதுதான் வேறுபாடு.

வாசகர் மேடை

அப்படியானால் ஞாயிறு திருப்பலியும் கடமை என்று சட்டம் 1247 சொல்கிறதே; கடமை என்பதற்காக அந்தத் திருப்பலி போலியாகிவிடுகிறதா? சமூக நீதியை வளர்க்கவும், தம் சொந்த வருமானத்திலிருந்து ஏழைகளுக்கு உதவவும் எல்லா விசுவாசிகளும் கடமைப்பட்டவர்கள் என்று சட்டம் 222 சொல்கிறது. முதல் கடமை எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டாவதைச் சொன்னால் மட்டும் ‘விருப்பம்’, ‘உள்ளார்ந்த தூண்டுதல்’ என்றெல்லாம் பேச்சு வருகிறது.

சுருதி

நல்ல வாதம். ஆனால் ஞாயிறு திருப்பலிக்கு வாசலில் நின்று யாரும் வருகை எடுப்பதில்லை. கடமை மனச்சான்றிடம் விடப்பட்டிருக்கிறது. நீங்கள் கொண்டுவருவது கடமையை அல்ல, கண்காணிப்பை. வராதவரை வழிபாட்டுப் பணியிலிருந்து நீக்கும் அதிகாரத்தை ஒரு குழுவின் கையில் கொடுக்கிறீர்கள். பங்கு அரசியல் எப்படிப்பட்டது என்று தெரிந்தும்!

இரவுப்பணி

ஒரு நடைமுறைச் செய்தியை யாருமே தொடவில்லை. பீடப் பணியாளர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். அவர்களைத் தெரியாத வீடுகளுக்கு அனுப்பப் போகிறீர்களா? பெற்றோர் சம்மதம் வேண்டும், பெரியவர்கள் உடன் வேண்டும். பெரியவர்களும் தனியே போகக் கூடாது, இருவராகப் போக வேண்டும். வீட்டாரிடம் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே பார்த்ததை வெளியே பேசக் கூடாது. சளி, காய்ச்சல் உள்ளவர் போகவே கூடாது. நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது. கேமராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

1833-இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரிடம், ‘உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் செய்ததைப் பேசுகிறாய், இன்று என்ன செய்கிறது?’ என்று விவாத மேடையில் கேட்டார்கள். அவருக்கு வயது 20. அவரும் நண்பர்களும் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். அதுதான் வின்சென்ட் தே பவுல் சபை. பலரும் சொல்லாமல் விடுவது, அவர்கள் ரோசாலி ரெண்டு என்ற அருட்சகோதரியிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள் என்பது. அந்தக் குடியிருப்பை ஆண்டுக்கணக்கில் அறிந்தவர் அவர். எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்றெல்லாம் அவர்தான் காட்டினார். உங்கள் முன்மொழிவில் நீக்கம் இருக்கிறது, பயிற்சி இல்லை.

வாசகர் மேடை

பயிற்சியைச் சேர்க்கிறேன். சிறுவர்களுக்கு விலக்கும் தருகிறேன். நீக்கும் விதியை எடுக்க மாட்டேன். எடுத்தால் மறுநாளே எல்லாரும் பூப் பட்டியலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

கடைசி வரிசை

அந்த விதி இருக்கும்வரை வருகிறவரின் கண்ணில் அதுதான் தெரியும்.

பழைய கோவில்பிள்ளை

விதி கிடக்கட்டும். 2008-இல் திருப்பலியின் இறுதியில் சொல்லப் புதிய வாய்பாடுகளைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஏற்றார். உங்கள் வாழ்வால் ஆண்டவரை மாட்சிப்படுத்திக்கொண்டு அமைதியாய்ச் செல்லுங்கள் என்ற பொருளில் ஒன்று. குரு அதைச் சொல்லி முடிப்பதற்குள் நம்மில் பாதிப் பேர் வண்டி நிறுத்தும் இடத்தில் இருக்கிறோம். சுருதி ஐயா, உங்கள் குழுவாவது இறுதிப் பாடல் வரை இருக்கிறது. அவர்களில் இருவரை ஒரு ஞாயிறு என்னோடு அனுப்புங்கள். பதிவேடு வேண்டாம். வீட்டாரிடம் நான் கேட்டுவைக்கிறேன். அந்த அம்மாவுக்குப் பழைய பாடல்கள் பிடிக்கும்.

சுருதி

அனுப்புகிறேன். பாடத்தான் அனுப்புகிறேன், முன்மொழிவை ஆதரித்து அல்ல. பேரவையில் என் வாக்கு எதிராகவே விழும்.

கணக்கு நோட்டு

போய்வரும் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? வழிபாடா, அறப்பணியா?

இரவுப்பணி

வழிபாடு.

சுருதி

அந்தத் தலைப்பில் மிச்சமிருப்பதை ஒலிபெருக்கிப் பழுதுக்காகக் கேட்டு ஏற்கெனவே கடிதம் கொடுத்திருக்கிறேன்.