கொருக்குப்பேட்டை குடும்பம்: ஏசி புளோயர் மாதிரி ஒன்று

ஞாயிறு, இரவு 8:40

அக்கா: [படம்]

அக்கா: மாமா, இது என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பட்டறை மாமா: ஸ்பிளிட் ஏசிக்குள் இருக்குமே, நீளமான புளோயர். அதே மாதிரி இருக்கிறது. ஆனால் இரும்பில் செய்திருக்கிறார்கள். எந்த ஊர் ஏசி இது, ஒரு ஆள் தூக்க முடியாது போல?

அக்கா: 😀 தண்ணீர் டர்பைன் மாமா. கிராஸ்ஃப்ளோ என்பார்கள். நேபாளத்தில் புட்வலில் ஒரு பட்டறையில் எடுத்த படம். ஏசி புளோயரும் இதுவும் ஒரே ஜாதிதான்.

அம்மா: சாப்பிட்டாயா? அங்கே குளிர் எப்படி?

அக்கா: சாப்பிட்டேன் மா.

பட்டறை மாமா: பிளேடு பைப்பில் வெட்டியதுதானே? வளைவைப் பார்த்தாலே தெரிகிறது.

அக்கா: ஆமாம்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பட்டறை மாமா: ஷீட்டை வளைத்தால் 24 பிளேடும் ஒரே மாதிரி வராது. பைப்பை நீளவாக்கில் கிழித்தால் தானாக வரும். ஒரு பைப்புக்கு நாலு பிளேடு, மொத்தம் ஆறு துண்டு பைப். செய்தவன் கெட்டிக்காரன்.

எண்ணூர் சித்தப்பா: எத்தனை மெகாவாட்?

அக்கா: கிலோவாட் சித்தப்பா. இது 5.

எண்ணூர் சித்தப்பா: நான் வேலை பார்த்த எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட். 2017 மார்ச்சோடு மூடினார்கள். 5 கிலோவாட்டை எங்கள் கேன்டீன் அடுப்பே தின்றுவிடும்.

காசிமேடு சித்தி: ஆரம்பித்துவிட்டார்.

எண்ணூர் சித்தப்பா: கேட்கிறேன், தப்பா? எல்லாக் கிராமத்துக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்தது என்று 2018லேயே அறிவித்தார்களே. மணிப்பூரில் ஏதோ ஒரு ஊர்தான் கடைசி.

அக்கா: லெய்சாங். ஏப்ரல் 28. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஊரில் பத்தில் ஒரு வீட்டுக்கும், பள்ளிக்கூடம் மாதிரி பொது இடங்களுக்கும் இணைப்பு இருந்தாலே ஊருக்கே மின்சாரம் வந்ததாக அர்த்தம். வீட்டுக்கு வீடு கொடுக்கிற திட்டம் அதற்குப் பிறகும் ஓடியது. இப்போது நாங்கள் வேலை செய்யப்போகும் ஊர் உத்தரகாண்டில், குமாவோன் பக்கம். கம்பி போயிருக்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் நாள்கணக்கில் இருட்டு. பக்கத்திலேயே ஓடை கொட்டுகிறது. காலங்காலமாக அந்தத் தண்ணீரில் மாவு அரைக்கிறார்கள். அந்த ஆலைக்கு கராட் என்று பெயர்.

நான்: எவ்வளவு தண்ணீர் வேண்டும் அக்கா?

அக்கா: விநாடிக்கு 20 லிட்டர், 30 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால், வழியில் போகிற நஷ்டம் எல்லாம் போய் 3 கிலோவாட் கையில் நிற்கும். 30 வீடு என்றால் வீட்டுக்கு 100 வாட். ஐந்தாறு எல்இடி பல்பு, போன் சார்ஜ், ஒரு சின்ன டிவி.

எண்ணூர் சித்தப்பா: சரி, ஒன்று சொல். ராத்திரி எல்லாரும் விளக்கை அணைத்துத் தூங்கினால் லோடு இறங்கும், டர்பைன் வெறிபிடித்து ஓடும். வேகத்தைக் கட்டுப்படுத்த எங்களுக்கு கவர்னர் என்ற கருவி இருந்தது. 5 கிலோவாட்டுக்கு யார் கவர்னர் வாங்குவான்?

அக்கா: யாரும் வாங்குவதில்லை சித்தப்பா. தண்ணீரைக் குறைப்பதே இல்லை. வீடுகள் எடுக்காத கரண்டை ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி ஹீட்டருக்குத் திருப்பிவிடும். ஹீட்டர் ஒரு தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். மெஷினைப் பொறுத்தவரை லோடு எப்போதும் ஒன்றுதான்.

எண்ணூர் சித்தப்பா: அட.

காசிமேடு சித்தி: அந்த வெந்நீரைக் குளிக்க எடுத்துக்கொள்ளலாமா?

அக்கா: எடுக்கிறவர்களும் உண்டு சித்தி.

காசிமேடு சித்தி: அப்போ நல்ல திட்டம்தான் 👍

இரவு 9:15

அக்கா: மாமா, விஷயத்துக்கு வருகிறேன். டிராயிங் அனுப்புகிறேன். வியாசர்பாடியில் நீங்கள் ஒன்று செய்து தர முடியுமா? எங்கள் ஆபீஸில் விலை கேட்கிறார்கள்.

பட்டறை மாமா: எத்தனை?

அக்கா: இப்போதைக்கு ஒன்று.

பட்டறை மாமா: ஒன்றா.

அக்கா: ஏன் மாமா?

பட்டறை மாமா: கண்ணு, கோபித்துக்கொள்ளாதே. மூன்று வருஷம் முன்னால் ஒரு கம்பெனி இப்படித்தான் வந்தது. சாம்பிள் ஒன்று, அப்புறம் நூறு ஆர்டர் என்றார்கள். டிராயிங் மூன்று தடவை மாறியது. ஏழு மாசம் கழித்துப் பாதிப் பணம் வந்தது. நூறு வரவே இல்லை. எல்லாம் ஒரே அளவில் வர அதற்கென்று செய்த ஜிக், அந்த அச்சு, இன்னும் பட்டறை மூலையில் கிடக்கிறது, அதன் மேல் பையன்கள் டீ கிளாஸ் வைக்கிறார்கள்.

அம்மா: அந்தக் கதையை எத்தனை தடவைடா தம்பி சொல்வாய்.

பட்டறை மாமா: பணம் வரும்வரை சொல்வேன் அக்கா.

அக்கா: நீங்கள் சொல்வதைத்தான் இங்கே உள்ள பட்டறைக்காரரும் சொன்னார் மாமா. நேபாளத்தில் இது லைட்டுக்காக ஆரம்பிக்கவே இல்லை. அறுபதுகளில் காத்மாண்டு பாலாஜுவில் ஸ்விஸ்காரர்கள் உதவியோடு ஒரு பட்டறை, புட்வலில் நார்வேக்காரர் ஒருவர் ஆரம்பித்த தொழிற்பள்ளி. அங்கே பழகியவர்கள்தான் பின்னால் சொந்தமாகப் பட்டறை போட்டார்கள். முதலில் விற்றது நெல் குத்த, எண்ணெய் ஆட்ட. டீசல் மில் வைத்திருந்தவன் டீசல் செலவு மிச்சம் என்று வாங்கினான். பகலில் மில், ராத்திரி அதே பெல்ட்டில் டைனமோ. விவசாய வங்கி கடன் கொடுத்தது. 1984ல் 100 கிலோவாட்டுக்குள் லைசன்ஸே வேண்டாம் என்றார்கள்.

பட்டறை மாமா: அதைச் சொல். மில்காரன் வாங்கினான், அவன் பார்த்து அடுத்த ஊர் மில்காரன் வாங்கினான். பட்டறைக்கு வாராவாரம் வேலை. அப்படி இருந்தால் நானும் ஜிக் போடுவேன்.

எண்ணூர் சித்தப்பா: கிரிட், அதாவது அரசாங்க மின்கம்பி, வந்துவிட்டால் இதெல்லாம் காயலான் கடைக்குத்தானே மச்சான்?

அக்கா: நிறைய போயிருக்கிறது சித்தப்பா, இல்லை என்று சொல்லமாட்டேன். இலங்கையில் மலையோரக் கிராமங்கள் சங்கம் வைத்து நடத்திய டர்பைன்கள் கம்பி வந்ததும் நின்றுபோயின. ஆனால் நேபாளத்தில் 2018ல் சியாவ்ரேபூமி என்ற ஊரின் 23 கிலோவாட்டை கிரிட்டிலேயே இணைத்துவிட்டார்கள். ஊரே கரண்ட் விற்க ஆரம்பித்தது.

எண்ணூர் சித்தப்பா: 23 கிலோவாட்டை கிரிட்டோடு தாளம் சேர்த்து சின்க்ரனைஸ் பண்ணினார்களா? பேஷ்.

[பட்டறை மாமா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்]

இரவு 9:50

பட்டறை மாமா: டிராயிங் பார்த்தேன். ஷாஃப்ட் 42 மில்லி போட்டிருக்கிறான். 42க்கு பேரிங் எவன் கடையில் இருக்கும்? 45 ஆக்கச் சொல். அதற்கான 6209 நம்பர் பேரிங் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும்.

அக்கா: இதை எங்கள் இன்ஜினியர் யோசிக்கவே இல்லை மாமா.

பட்டறை மாமா: அவருக்கு பேரிங் மாற்றுகிற வேலை இல்லையே. அப்புறம், பிளேடை வரிசையாக வெல்டு அடிக்கக் கூடாது. பிளேடைப் பிடிக்கிற பக்கத் தட்டு வளைந்துவிடும். ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் ஒன்று, சூடு ஆறவிட்டு அடிக்க வேண்டும். பாலன்ஸ் பார்க்காமல் அனுப்பவே கூடாது.

அக்கா: அப்போ செய்து தருகிறீர்களா?

பட்டறை மாமா: இல்லை கண்ணு.

அம்மா: என்னடா இது, பிள்ளை ஆசையாகக் கேட்கிறாள்.

பட்டறை மாமா: அக்கா, கேள். நான் செய்து லாரியில் ஏற்றிவிடுவேன், பிரச்சினை இல்லை. ஆறு மாசத்தில் பேரிங் கத்தும். அந்த ஊர்க்காரன் யாருக்குப் போன் போடுவான்? எனக்கு. நான் வியாசர்பாடியில் இருந்து என்ன செய்வேன்? நேபாளத்தில் பேரிங் போனால் என்ன செய்கிறார்கள், அவளையே கேள்.

அக்கா: போன வாரம் ஒருவர் பார்த்தேன் மா. மலையில் இருந்து பஸ்ஸில் வந்தார். கழற்றின பேரிங்கைத் துணிப்பையில் வைத்திருந்தார், கையெல்லாம் கிரீஸ். பட்டறைக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டீ குடித்துப் புது பேரிங்கோடு மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பட்டறை மாமா: அதுதான். எனக்கும் அந்த ஊருக்கும் நடுவில் ரயிலில் ரெண்டு நாள், அதற்கு மேல் மலை. உன் ஊருக்கு அடிவாரத்தில் டவுன் எது?

அக்கா: ஹல்துவானி.

பட்டறை மாமா: அங்கே லேத்தும் மோட்டார் வைண்டிங் கடையும் இல்லாமலா இருக்கும்? ஒரு நல்ல ஆளாகப் பிடி. அவனிடம் ஒன்று என்று சொல்லாதே. பக்கத்து மலையில் எத்தனை மாவு ஆலை இருக்கிறதோ அத்தனையும் எண்ணிக்கொண்டு போ. அட்வான்ஸ் பாதி, மீதி மெஷின் ஓடின அன்றைக்கு. ஆபீஸில் இதை எழுத்தில் வாங்கு.

அக்கா: ஆள் கிடைத்தாலும் அவருக்கு இது புதுசு மாமா.

பட்டறை மாமா: ஜிக் நான் செய்து தருகிறேன். தட்டில் பிளேடு உட்காருகிற 24 காடியும் கணக்காக வெட்டின ஒரு மாஸ்டர் தட்டு. அதை வைத்து அவன் எத்தனை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் நானே போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

காசிமேடு சித்தி: அண்ணா, உனக்கு இந்தி தெரியுமா?

பட்டறை மாமா: மாப்பிள்ளைக்குத் தெரியும். கூட வரட்டும். ரிட்டயர் ஆகி வீட்டில் என்ன செய்கிறார்?

எண்ணூர் சித்தப்பா: குளிர் ஜாஸ்தியா இருக்குமா?

காசிமேடு சித்தி: வெந்நீர்தான் தொட்டி நிறைய இருக்கிறதாமே 😂

அக்கா: மாமா, நிஜமாகவா?

பட்டறை மாமா: அடுத்த மாசம் வருகிறாய் இல்லையா. வரும்போது அந்த பிளேடு துண்டு ஒன்று கேட்டு வாங்கி வா. பைப் என்ன கனம் என்று படத்தில் தெரியவில்லை, அளந்து பார்க்க வேண்டும்.

அம்மா: பையில் இரும்பை வைத்து என் புடவையைக் கிழித்துவிடாதே. தனியாகச் சுற்றி வை.