அப்பாவுக்கு மூக்கில் தோல் புற்றுநோய், ஆபரேஷன் எப்படி இருக்கும்?

கேள்வி:
அப்பாவுக்கு 68 வயது. மூக்கோரத்தில் ஆறாத சின்னப் புண், பரு என்றே ஒரு வருடம் விட்டுவிட்டோம், இப்போது பயாப்சியில் பேசல் செல் கார்சினோமா என்று வந்திருக்கிறது. வெட்டி எடுக்க வேண்டுமாம். முழு மயக்கம் கொடுப்பார்களா?

பதில் 1:
இந்த வகை வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. என் மாமியாருக்குக் கன்னத்தில் எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசிதான், அது குத்தும்போது மட்டும் சுருக்கென்றதாம். சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்ததால் காயம் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது, ஆனால் சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தார்.

பதில் 2:
மூக்கு என்றால் மோஸ் முறை செய்வார்களா என்று கேளுங்கள். அடுக்கடுக்காக எடுத்து அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், புற்று மிச்சமிருந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி. வெட்டுவது கொஞ்ச நேரம், காத்திருப்பதில்தான் பாதி நாள் போகும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மறுநாள் எனக்குக் கண்ணைச் சுற்றி வீங்கிக் கறுத்துவிட்டது, அதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை!

கேட்டவர்:
நன்றி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், நிறுத்தணுமா?

பதில் 1:
நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். முகத்துத் தையலைப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவார்கள், அதுவரை குனிந்து குடம் கிடம் தூக்க விடாதீர்கள். அப்புறம், ஓரங்களில் மிச்சமில்லை என்கிற ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.