பணிக்களைப்பு தணிய ஓவிய நேரம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் நான். ஒருவர் இறந்த படுக்கைக்கு விரிப்பு மாற்றிய கையோடு அடுத்தவரை வரவேற்கிறோம், அழக்கூட நேரமில்லை. குழுவே ஓய்ந்துபோயிருக்கிறது.

2016இல் வந்த டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், 45 நிமிடம் வரைந்தும் களிமண் பிசைந்தும் இருந்தவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்குக் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் குறைந்தது. முன் அனுபவம் இல்லாதவர்களுக்கும்தான். அதனால் வாரம் ஒருமுறை ஷிப்ட் முடிந்ததும் சேர்ந்து வரையலாம் என்றிருக்கிறேன். யாருடைய படத்தையும் யாரும் மதிப்பிடக் கூடாது, அதில் உறுதியாக இருக்கிறேன்.

"எனக்குக் கோடுகூட நேராக வராது" என்று ஒதுங்குபவரை எப்படி உட்கார வைப்பது? வரையும்போது ஒருவர் உடைந்து அழுதால், பயிற்சி இல்லாத நான் என்ன செய்யலாம்? கலைச் சிகிச்சையாளர் கூடவே இருக்க வேண்டுமா? அப்புறம், ஓயாமல் கழுவி வறண்டு வெடித்த கைகளுக்குக் களிமண் ஒத்துக்கொள்ளுமா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.