எஞ்சின் திருத்தப் பழக வேண்டும், வாழைச்சேனைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

எங்கள் போட்டில் இருப்பது 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. போன கிழமை கல்குடாவுக்கு வெளியே, எஞ்சினைக் குளிராக்கிவிட்டுப் பின்பக்கத் துளையால் பீச்சுகிற தண்ணீர் நூல் போல மெலிந்து, பிறகு நின்றே போனது. மூடியில் கை வைக்க முடியாத சூடு. உடனே நிறுத்தி, தம்பியும் நானும் துடுப்பு வலித்துத்தான் கரை சேர்ந்தோம்.

தண்ணீரை இழுத்து ஏற்றுகிற ரப்பர் சக்கரம், அதுதான் இம்பெல்லர், தேய்ந்திருக்கும், இல்லையென்றால் உப்புப் படிந்து தண்ணீர் வழி அடைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவாதது எங்கள் பிழைதான். பிளக் கழற்றித் துடைக்கத் தெரியும். இம்பெல்லரைப் பார்க்கக் கீழ்ப்பகுதியைக் கழற்றினால் கியர் கம்பியைத் திரும்பப் பொருத்தத் தெரியாது, அதுதான் பயம். நடுக்கடலில் மெக்கானிக்கைக் கூப்பிட முடியாதே.

அண்ணாமார் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று காட்டித் தருவீர்களா? கழற்றிப் பூட்டுவதை நானே செய்கிறேன். நல்ல இம்பெல்லர் எங்கே வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.