எகிப்திய வலைப்பூ அரபு: அகராதியிலும் இல்லை, தேடலிலும் சிக்கவில்லை

காகிதப்பூனை:
2006-ஐ ஒட்டி எகிப்திய வலைப்பூக்களில் எழுதப்பட்டுப் பிறகு புத்தகமானவற்றை ஒரு கட்டுரைக்காகப் படிக்கிறேன். ஃபுஸ்ஹா (எழுத்து வழக்கு அரபு) இலக்கணம் தெரியும். ஆனாலும் பாதிச் சொற்கள் ஹான்ஸ் வேர் அகராதியில் இல்லை. சேமித்த பக்கத்தில், கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினால் 'இல்லை' என்கிறது. பின்னூட்டங்களில் 3, 7 என்று எண்கள் வேறு. எங்கிருந்து தொடங்குவது?

ஏட்டெலி:
முதலில் அகராதியை மாத்துங்க. ஹான்ஸ் வேர் எழுத்து வழக்குக்கானது. இவர்கள் எழுதியது ஆம்மிய்யா, கெய்ரோ பேச்சு. 1986-இல் வந்த ஹைண்ட்ஸ்-பதவி எகிப்திய அரபு அகராதி வேண்டும். அதுவும் வேர்ச்சொல் வரிசைதான், அதனால் ஒட்டுகளைக் கழற்றிவிட்டுத் தேடுங்க: நிகழ்காலத்துக்கு 'ப', எதிர்காலத்துக்கு 'ஹ', எதிர்மறைக்கு முன்னால் 'மா', பின்னால் 'ஷ்'. 'மபக்திப்ஷ்' (நான் எழுதுவதில்லை) என்பதில் மிஞ்சுவது காஃப்-தா-பா என்ற வேர்.

எண்கள்: ரோமன் எழுத்தில் அரபு தட்டும்போது அதில் இல்லாத அரபு எழுத்துகளுக்குப் பதிலாக வருபவை. 2 ஹம்ஸா, 3 ஐன், 5 கா, 7 ஜீம் வடிவ ஹா. கெய்ரோவில் காஃப் (இரட்டைப் புள்ளி உள்ளது) ஹம்ஸாவாகத்தான் ஒலிக்கும். ஆகவே 'கல்ப்' (இதயம்) கூட 2-இல் தொடங்கும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

ஒருங்குறிக்காரர்:
தேடலுக்கு, மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுங்கள். பிடிஎஃபிலிருந்து வந்த உரை என்றால் முதலில் என்எஃப்கேசி இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிகளை ஒன்றாக்கும் ஒருங்குறி முறை). இல்லாவிட்டால் சொல்லின் முதல், இடை, கடை வடிவங்கள் தனித்தனிக் குறிகளாகவே கிடக்கும். பிறகு ஒருங்குறி எண் 064B முதல் 0652 வரை உள்ள ஹரகத்துகளையும் (உயிரொலிக் குறிகள்) 0640 என்ற நீட்டல் கோட்டையும் நீக்குங்கள். ஹம்ஸா, மத்து ஆகிய குறிகள் ஏறிய அலிஃப் எழுத்துகளை வெறும் அலிஃபாக்குங்கள். எகிப்தில் சொல்லின் கடைசியில் வரும் 'யா' எழுத்தைப் புள்ளியில்லாமல் தட்டுவது வழக்கம், அதையும் ஒன்றாக்க வேண்டும். விலை உண்டு: 'அலா' (மேல்) என்பதும் 'அலீ' என்ற பெயரும் ஒன்றாகிவிடும்.

எதிர்கால 'ஹ'வைச் சிலர் ஜீம் வடிவ ஹாவிலும் சிலர் வட்ட ஹாவிலும் எழுதுவார்கள். இதை இயல்பாக்காதீர்கள், இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

ஏட்டெலி:
இன்னொன்று. பேச்சு வழக்கை வலைப்பூதான் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தது என்று கட்டுரையில் எழுதிவிடாதீங்க. எகிப்தியக் கவிஞர் பைரம் அல்-துனிசி அதற்கு வெகுமுன்பே ஆம்மிய்யாவில் கவிதை எழுதியவர். இணையம் செய்தது, இடையில் நின்ற பதிப்பாசிரியரை நீக்கியதுதான். காதா அப்துல் ஆல் 2006-இல் வலைப்பூ தொடங்கினார். 2008-இல் தார் அல்-ஷுரூக் பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. 2010-இல் தொலைக்காட்சித் தொடர். வலைப்பதிவையும் அச்சையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்க. வலையில் புதியது மேலே இருக்கும், புத்தகத்தில் அந்த வரிசை நிற்காது. வேபேக் மெஷினிலிருந்து (பழைய வலைப்பக்கங்களைச் சேமிக்கும் தளம்) எடுத்தால், அந்தப் பக்கம் அங்கே சேமிக்கப்பட்ட தேதியையும் குறிச்சுக்குங்க.