ஷ்ரிங்கர் ஓடும்போது மட்டும் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த நினைவகத்தையே மறுபடி தொடும் பிழை). பூட்டை எங்கே போடுவது?

கேட்டவர்: பக்கம்4096

வணக்கம். லினக்ஸுக்கு ஒரு டிரைவர் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் சின்னதாக ஒரு பஃபர் கேச் (நினைவகத் துண்டுகளைக் கைவசம் வைத்திருக்கும் இடம்). பஃபர்கள் எல்லாம் ஒரு எக்ஸ்அர்ரேயில் (எண்ணைக் கொடுத்தால் பொருளைத் தரும் அட்டவணை) கிடக்கும், ஒவ்வொன்றிலும் ஓர் அட்டாமிக் எண்ணிக்கை, அதாவது பல கோர்கள் ஒரே சமயம் மாற்றினாலும் குழம்பாதது. எடுத்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனாலும் உடனே ஃப்ரீ செய்வதில்லை. திரும்பக் கேட்டால் கொடுக்கலாமே என்று எல்ஆர்யு பட்டியலில் (வெகுநேரம் தொடாதது வாலுக்குப் போகும்) சேர்த்து வைக்கிறேன். நினைவகம் தட்டுப்பாடானால் கெர்னல் என் ஷ்ரிங்கரைக் கூப்பிடும். அது பட்டியலின் வாலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் எக்ஸ்அர்ரேயிலிருந்து கழற்றி கேஃப்ரீ செய்துவிடும், அதாவது நினைவகத்தை விடுவித்துவிடும்.

4 கோர் லேப்டாப்பில் இரண்டு வாரம் ஓடியது, ஒரு தும்மல்கூட இல்லை. 64 கோர் சர்வரில் ஏற்றினால் சில மணி நேரத்தில் விழுந்துவிடுகிறது. கேசான் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கெர்னல் கருவி) போட்டுப் பார்த்தேன். தேடும் ஃபங்ஷனில் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ, 4 பைட் எழுத்து. ஃப்ரீ செய்தது ஷ்ரிங்கர் என்கிறது.

இதுவரை செய்து பார்த்தவை: நடுவில் இரண்டு பிரிண்ட்கே (லாக்கில் செய்தி எழுதும் வரி) போட்டேன், பிழை காணாமல் போய்விட்டது. எடுத்தேன், திரும்ப வந்தது. சரி என்று எல்லாவற்றையும் ஒரே மியூடெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) அடைத்தேன். இப்போது விழுவதில்லை, ஆனால் நினைவகம் குறைந்ததும் மெஷின் அப்படியே உறைகிறது. லாக்டெப் (பூட்டுச் சிக்கலைக் கண்டுபிடிக்கும் கருவி) ஏதோ எஃப்எஸ்_ரிக்ளெய்ம் என்று கத்துகிறது. முதலில் ரெஃப்கவுண்ட்_டி (தப்பாகக் கூட்டினால் எச்சரிக்கும் எண்ணிக்கை வகை) தான் வைத்திருந்தேன். பூஜ்யத்தோடு கூட்டுகிறாய் என்று எச்சரிக்கையாகக் கொட்டியதால் சாதா அட்டாமிக்குக்கு மாறினேன். என்ன தப்பு செய்கிறேன்?

பதில் சொன்னவர்: சுழல்பூட்டு

மியூடெக்ஸை எடுத்துவிட்டு ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றியபடியே காத்திருக்கும் பூட்டு) போடுங்கள். உள்ளே நினைவகம் கேட்கும் இடத்தில் ஜிஎஃப்பி_அட்டாமிக் (காத்திருக்காமல் நினைவகம் கேட்கும் முறை) கொடுத்தால் தூங்காது, உறையவும் உறையாது.

பழையபிழை

மேலே சொன்னது ஓடும், ஆனால் செய்யாதீர்கள். தட்டுப்பாடான நேரத்தில் ஜிஎஃப்பி_அட்டாமிக் சட்டென்று தோற்றுப்போகும். உங்கள் கேச்சுக்கு வேலை வருவதே தட்டுப்பாடான நேரத்தில்தான்.

உறைவது ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம், அது எளிது. மியூடெக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஜிஎஃப்பி_கெர்னலில் (காத்திருக்கத் தயாரான சாதாரண முறை) நினைவகம் கேட்கிறீர்கள். கெர்னலிடம் இல்லை. இல்லாவிட்டால் கேட்டவர் தலையிலேயே துப்புரவு வேலையைக் கட்டும், அதாவது டைரக்ட் ரிக்ளெய்ம். அந்த வேலையில் உங்கள் ஷ்ரிங்கரும் உண்டு. ஷ்ரிங்கர் அதே மியூடெக்ஸைக் கேட்கிறது. உங்கள் பூட்டுக்கு நீங்களே வாசலில் காத்திருக்கிறீர்கள். லாக்டெப் சொன்னது இதைத்தான்.

இனி அசல் பிழை. நடப்பதைக் கால வரிசையில் எழுதிப் பாருங்கள். நான் இன்னமும் காகிதத்தில்தான் எழுதுகிறேன்.

சிபியு 0: எக்ஸ்அர்ரேயில் தேடி பாயின்டரை வாங்கியது.
சிபியு 1: எண்ணிக்கையைப் பார்த்தது, பூஜ்யம். கழற்றியது, கேஃப்ரீ.
சிபியு 0: அதே பாயின்டரில் எண்ணிக்கையை ஒன்று கூட்டியது.

கேசான் காட்டிய 4 பைட் எழுத்து அந்தக் கடைசி வரிதான். எண்ணிக்கை அட்டாமிக்காக இருந்து என்ன பயன்? அது எந்த பஃபருக்குள் இருக்கிறதோ அதுவே போய்விட்டது. எக்ஸ்அர்ரே உள்ளுக்குள் ஆர்சியு (வாசிப்பவர்கள் முடிக்கும்வரை விடுவிப்பதைத் தள்ளிப்போடும் முறை) வைத்திருக்கிறதே என்று நினைத்திருப்பீர்கள், நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அது தன் சொந்தக் கணுக்களைத்தான் காக்கும். நீங்கள் அதில் வைத்த பஃபரை நீங்கள்தான் காக்க வேண்டும்.

ஆகவே தேடுவதும் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்கட்டும். எக்ஸ்அர்ரேக்கே ஒரு ஸ்பின்லாக் உண்டு, அதுவே போதும். ஷ்ரிங்கரும் அதே பூட்டைப் பிடித்து, பிடித்த பிறகு எண்ணிக்கையைப் பார்த்து, பூஜ்யம் என்றால் அங்கேயே கழற்றட்டும். கேஃப்ரீயைப் பூட்டை விட்டபின் செய்துகொள்ளலாம்.

புது பஃபருக்கான நினைவகத்தைப் பூட்டுக்கு வெளியே, முன்கூட்டியே ஜிஎஃப்பி_கெர்னலில் வாங்குங்கள். அப்புறம் செருகப் பாருங்கள். அதற்குள் வேறொருவர் அதே எண்ணில் செருகியிருந்தால் உங்களுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தேடலிலிருந்து தொடங்குங்கள். பேஜ் ஃபால்ட்டில் (இன்னும் நினைவகம் தராத பக்கத்தை நிரல் தொடும்போது) கெர்னலே இதைத்தான் செய்கிறது: புதுப் பக்கத்தை முதலில் வாங்கும், பிறகு பேஜ் டேபிள் பூட்டைப் பிடிக்கும், அந்த இடம் இன்னும் காலியா என்று மறுபடி பார்க்கும், இல்லையென்றால் வாங்கிய பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடும். ஒரு பக்கம் வீணாக வாங்கினோமே என்று அது வருத்தப்படுவதில்லை.

இன்னொன்று. பிரிண்ட்கே போட்டால் பிழை ஒளிந்துகொள்கிறது என்றால் எதிர்த்திசையில் போங்கள். தேடுவதற்கும் கூட்டுவதற்கும் நடுவே 50 மைக்ரோசெகண்ட் யுடிலே (வெறுமனே காக்க வைக்கும் வரி) ஒன்று செருகுங்கள். இன்னொரு டெர்மினலில் டிராப்_கேச்சஸ் கோப்பில் (கேச்சுகளைக் காலி செய்யக் கெர்னலிடம் சொல்லும் கோப்பு) 2 என்று ஒரு லூப்பில் எழுதிக்கொண்டே இருங்கள். 2 எழுதினால் எல்லா ஷ்ரிங்கர்களும் ஓடும், உங்களுடையதும் சேர்த்து. சிக்ரூப்பில் (ஒரு குழு நிரல்களுக்கு மட்டும் வரம்பு வைக்கும் வசதி) நினைவக வரம்பு வைத்துச் சோதிக்காதீர்கள். சிக்ரூப் அறியாத ஷ்ரிங்கரை அந்த நெருக்கடி எட்டவே எட்டாது. எல்லாம் நலம் என்று ஏமாந்துபோவீர்கள்.

ரெஃப்கவுண்ட்_டி பற்றி: அது கத்தியது சரிதான். முதல் நாளே வந்து சொன்ன சாட்சியை வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

பக்கம்4096

யுடிலே போட்டு லூப்பை ஓட விட்டேன். முன்பு மணிக்கணக்கில் காத்திருந்தது லேப்டாப்பிலேயே இருபது விநாடியில் விழுந்தது! நீங்கள் சொன்னபடி தேடலை மாற்றினேன், அந்தத் தடயம் போய்விட்டது. ஆனால் அரை நாள் கழித்து வேறொரு கேசான் ரிப்போர்ட். இந்த முறை பஃபரை விடும் ஃபங்ஷனில், எல்ஆர்யு பட்டியலில் சேர்க்கும் வரியில். ஃப்ரீ செய்தது மறுபடியும் ஷ்ரிங்கர். எடுக்கும்போது பஃபரைப் பட்டியலிலிருந்து நான் நீக்குவதில்லை, விடும்போது தலைப் பக்கம் நகர்த்துவதோடு சரி.

பழையபிழை

அதேதான், கதவு மட்டும் வேறு. எண்ணிக்கையைக் குறைத்துப் பூஜ்யமாக்குகிறீர்கள். பட்டியலில் நகர்த்துவது அடுத்த வரி. அந்த இரண்டு வரிக்கு நடுவே பஃபருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அது ஏற்கெனவே பட்டியலில் கிடப்பதால் ஷ்ரிங்கர் கண்ணில் படுகிறது, பூஜ்யம், தூக்கிவிட்டது. நீங்கள் இல்லாத பஃபரை நகர்த்துகிறீர்கள்.

அட்டாமிக்_டெக்_அண்ட்_லாக் என்று ஒன்று இருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யம் ஆகப்போகிறது என்றால் மட்டும் பூட்டைப் பிடித்துக் குறைக்கும், மற்ற நேரம் பூட்டையே தொடாது. அதற்கு எல்ஆர்யு பூட்டைக் கொடுங்கள். பூஜ்யமாக்குவது, நகர்த்துவது இரண்டும் உள்ளே முடியட்டும். பூட்டை விட்டபின் அந்த பஃபரைத் தொடக் கூடாது. ஷ்ரிங்கர் முதலில் எல்ஆர்யு பூட்டு, அதற்குள் எக்ஸ்அர்ரே பூட்டு என்ற வரிசையில் பிடிக்கட்டும். எங்கேயும் இந்த வரிசையைத் தலைகீழாக்காதீர்கள்.

மறுவாசிப்பு

குறுக்கிடுகிறேன். இந்த மாதிரிப் பிழைக்குக் கூச்சப்பட வேண்டாம். டர்ட்டி கவ் என்ற பிரபலமான லினக்ஸ் பாதுகாப்பு ஓட்டையும் இதே குடும்பம்தான். எழுதக் கூடாத பக்கத்தில் எழுத வந்தால் கெர்னல் நகல் எடுத்துக் கொடுக்கும். நகல் எடுத்தாயிற்று என்பதால் 'எழுத வேண்டும்' என்ற கொடியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி பக்கத்தைத் தேடும். அந்த இடைவெளியில் இன்னொரு திரெட் எம்அட்வைஸ் (இந்தப் பக்கம் வேண்டாம் என்று கெர்னலிடம் சொல்லும் அழைப்பு) போட்டு நகலைத் தூக்கி எறிந்தால்? வெறும் வாசிப்பு என்று நினைத்து அசல் கோப்பின் பக்கத்தையே கையில் கொடுத்துவிடும். 2007இல் வந்த 2.6.22 கெர்னல் முதல் தாக்குதலுக்குத் திறந்திருந்தது, 2016 அக்டோபரில்தான் அடைத்தார்கள். இந்தப் பந்தயம் அதற்கும் பழையது: அடைப்பதற்குப் பதினோரு வருடம் முன்பே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒருமுறை சரிசெய்யப் பார்த்து, எஸ்390இல் (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்) சிக்கல் வந்ததால் அது திரும்பப் பெறப்பட்டது.

பழையபிழை, தேடலுக்கு ஆர்சியு சொல்லாதது ஏன்? 64 கோரில் ஒரே ஸ்பின்லாக் என்றால் எல்லாரும் அங்கே வரிசையில் நிற்பார்களே.

பழையபிழை

நிற்கலாம். நின்றால் பெர்ஃப் (நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் கருவி) காட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆர்சியு என்றால் எக்ஸ்அர்ரே தன் பங்குக்கு ஓர் எண்ணிக்கை பிடித்திருக்க வேண்டும், தேடுபவர் பூஜ்யம் இல்லையென்றால் மட்டும் கூட்ட வேண்டும், ஷ்ரிங்கர் சரியாக ஒன்றாக இருந்தால் மட்டும் பூஜ்யமாக்க வேண்டும், கேஃப்ரீ போய் கேஃப்ரீ_ஆர்சியு வர வேண்டும். அப்படி எழுதினால் ரெஃப்கவுண்ட்_டியும் கத்தாது. அழகான முறைதான். ஆனால் இவர் இப்போதுதான் இரண்டு ஓட்டையை அடைத்திருக்கிறார், மூன்றாவதை நான் கையில் கொடுக்க விரும்பவில்லை.

பக்கம்4096

மூன்று நாள் சர்வரில் டிராப்_கேச்சஸ் லூப்போடு ஓடியது. கேசானும் லாக்டெப்பும் அமைதி. பெர்ஃபில் அந்த ஸ்பின்லாக் மேலே வரவில்லை, அதனால் ஆர்சியு பக்கம் போகவில்லை. பேட்சை அனுப்பும் முன் டிஃப்பைப் படித்தால் அந்த யுடிலே இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எடுத்துவிட்டு மறுபடி ஓட விட்டிருக்கிறேன்.