பையனைக் காட்டவே இல்லை, ஆனாலும் ஏன் இவ்வளவு பதற்றம்?

அரைஇருட்டு:
ரோத்ரிகோ சொரோகோயென் இயக்கிய 'மாத்ரே' (2017) என்ற ஸ்பானிஷ் குறும்படத்தை நேற்றுதான் பார்த்தேன். ஒரு வீடு, ஒரு அம்மா, அவருடைய அம்மா, ஒரு போன், அவ்வளவுதான். ஆறு வயது மகன் எங்கோ ஒரு கடற்கரையில் தனியாக நிற்கிறான், கூட வந்த அப்பாவைக் காணோம், பையன் கையிலிருக்கும் போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகிறது. இருபது நிமிடம்கூட இல்லாத படம், உள்ளங்கை வேர்த்துவிட்டது. வீட்டுக்குள் நடப்பது ஒரே ஷாட் என்பதால்தானா? நாங்களும் ஒரே அறையில் ஒரு குறும்படம் எடுக்கப்போகிறோம், அதனால் கேட்கிறேன்.

கட்பண்ணாதே:
ஒரே ஷாட் என்பது பாதிதான். ஆரம்பத்தில் ஆளில்லாத ஒரு கடற்கரையைக் காட்டுகிறார் பாருங்கள், போன் வந்ததும் பையனை நாமே கொண்டுபோய் அங்கே நிறுத்திவிடுகிறோம். நடுவில் ஒருமுறை அவனைக் காட்டியிருந்தால் 'சரி, பத்திரமாகத்தான் இருக்கிறான்' என்று மூச்சு விட்டிருப்போம். அம்மாவுக்குத் தெரிந்தது மட்டும்தான் நமக்கும் தெரியும். அப்புறம், கட் இல்லாததால் நேரத்தைச் சுருக்க வழியில்லை, அந்த சார்ஜ் நம் கண்முன்னேயே தீர்கிறது.

மைக்பூதம்:
சவுண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. உங்கள் படத்திலும் போன் இருந்தால், மறுமுனையில் பேசுபவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து நிஜமாகவே பேசவிடுங்கள், நடிப்பவரின் தடுமாற்றம் தானாக வரும். மிக்ஸிங்கில், அதாவது ஒலிகளைச் சேர்க்கும்போது, அந்தக் குரலின் கனத்த அடி ஒலியையும் கீச்சென்ற மேல் ஒலியையும் வெட்டிவிடுங்கள், பழைய தொலைபேசி இணைப்புகள் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், நம் காது அதற்குப் பழகியது. இன்னொன்று, அமைதி வேண்டும் என்று டிராக்கை அப்படியே பூஜ்யமாக்காதீர்கள், ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். ஷூட் முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடச்சொல்லி ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த அறையில் இருக்கும் மெல்லிய சத்தம், எடுத்துக்கொள்ளுங்கள், அமைதி வேண்டிய இடத்தில் அதைப் போடலாம்.

குறுக்குக்கேள்வி:
ஒரே ஷாட்டைத் தூக்கிக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. டேவிட் சாண்ட்பெர்க் இயக்கிய 'லைட்ஸ் அவுட்' (2013) என்ற திகில் குறும்படம் மூன்று நிமிடம்கூட ஓடாது, கட் நிறையவே உண்டு. நடிப்பது அவர் மனைவி லோட்டா லோஸ்டென். விளக்கை அணைத்தால் ஓர் உருவம் நிற்கிறது, போட்டால் இல்லை. திரும்பத் திரும்ப அதையே செய்வதால், சுவிட்ச் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. விதி ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், கேமரா எப்படி இருந்தாலும் வேலை நடக்கும். ஒரே ஷாட்டில் நடிப்பு தொய்ந்தால் எடிட்டில் காப்பாற்ற முடியாது, புதிய நடிகர்கள் என்றால் யோசியுங்கள்.

அரைஇருட்டு:
நன்றி. நடிகர்கள் புதியவர்கள்தான், அதனால் இரண்டு மூன்று ஷாட்டாகப் பிரித்துவிடுகிறோம். ஆனால் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டே இருக்கிறதே, ரூம் டோனில் அதுவும் வருமே?

மைக்பூதம்:
டேக்குக்கு முன்னால் அணைத்துவிடுங்கள், கம்ப்ரசர் நடுவில் நின்று நின்று ஓடினால் ஷாட்டுக்கு ஷாட் சத்தம் மாறும். அணைத்த கையோடு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே போட்டுவையுங்கள். கிளம்பும்போது சாவி தேடினால்தான் திரும்பப் போட ஞாபகம் வரும், இல்லையென்றால் வீட்டுக்காரர் பால் திரிந்துபோய் உங்களைத் தேடுவார்.